விரைவும் முடுக்கமும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



நிலையத்தினின்று ஒரு நகரப் பேருந்து புறப்படுகின்றது. உள்ளே கால் வைக்கவும் இடமில்லை. ஓட்டுநர் முடுக்கிமிதியை அழுத்துகின்றார். நிற்போர் அனைவரும் ஒருசேரப் பின்னோக்கிச் சாய்கின்றனர். நெடுஞ்சாலையை அடைந்து வண்டி ஒரே சீராக ஓடத் தொடங்கியதும் கூட்டம் நிமிர்ந்து கொள்கின்றது. ஒருவர் பிடிகம்பியை விட்டுவிட்டுச் செய்தித்தாளை விரிக்கின்றார். நடத்துநர் இரு கைகளாலும் சீட்டுக் கிழிக்கின்றார். சற்றைக்கெல்லாம் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடுகின்றது, தடைமிதி அழுத்தப்படுகின்றது, எல்லாரும் முன்னோக்கி விழுகின்றனர். அடுத்துச் சாலை இடப்புறம் வளைகின்றது. எல்லாரும் வலப்புறம் ஒதுங்குகின்றனர்.

அக் கூட்டத்தில் மேனிலைப் பள்ளி மாணவன் ஒருவன் நிற்கின்றான். ஆங்கில வழியிற் படிப்பவன். பின்சாய்வு, முன்வீழ்வு, பக்க ஒதுக்கம் ஆகிய மூன்றற்கும் உரிய விளக்கம் அவன் தோட்பையில் உள்ள இயற்பியல் நூலில் ஒரே வரியில் இருக்கின்றது. அவ் வரியைத் தேர்வில் ஓர் எழுத்தும் பிறழாமல் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் அவன். ஆயினும், ‘தம்பி, ஏன் சாய்ந்தாய்?’ என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் கேட்டால், ‘வண்டி வேகமாப் போவுது ஐயா’ என்பதே அவன் விடை. வண்டி மிக விரைவாக ஓடிய வேளையில் அவன் சாயவே இல்லை. அதை அவன் கண்ணாற் கண்டான்; காலால் உணர்ந்தான். ஆனால் அவன் கண்டது தமிழில் நிகழ்ந்தது. படித்தது ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று தொடவில்லை.

இவன் மந்தன் அல்லன். இவன் கையில் ‘ஆக்சிலரேசன்’ என்று ஓர் ஒலியைக் கொடுத்து, அதற்கு ஐந்து சொல்லில் ஒரு வரையறையையும் கொடுத்து, மனத்திற் பதித்துக்கொள் என்று விட்டவர்களே மந்தர். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே மாணவன் ஈருருளி ஏறிச் சாலைக்கு வருவான். அப்பொழுது விரைவுக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அவனுக்குத் தேர்வுக்குரிய ஐந்து மதிப்பெண் அன்று, உயிர்.

விரைவு என்பது யாது? இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தொலைவு என்னும் கணக்கே விரைவு. முடுக்கம் என்பது யாது? இவ்வளவு நேரத்தில் விரைவு இவ்வளவு மாறுகின்றது என்னும் கணக்கே முடுக்கம். முன்னது இடம் மாறுவதை அளக்கின்றது. பின்னது அம் மாற்றமே மாறுவதை அளக்கின்றது. இவ்வளவே வேறுபாடு, ஆனால் மாந்தன் இவ் வேறுபாட்டைத் தெளியக் காண்பதற்குப் பல நூறாண்டுகள் ஆயின.

நின்ற பேருந்து ஒன்று புறப்பட்டு ஒரு நொடி கழிந்ததும் நொடிக்கு 1 மீட்டர் விரைவில் ஓடுகின்றது. இரண்டு நொடி கழிந்ததும் நொடிக்கு 2 மீட்டர். மூன்று நொடி கழிந்ததும் நொடிக்கு 3 மீட்டர். பத்தாம் நொடி முடிவில் நொடிக்கு 10 மீட்டர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். இங்கு விரைவு நொடிதோறும் வளர்ந்தது. முடுக்கமோ தொடக்கமுதல் இறுதிவரை ஒன்றாகவே இருந்தது. அம் முடுக்கத்தை ‘நொடியின் இருபடிக்கு 1 மீட்டர்’ என்று நூலில் எழுதிவிட்டு, இருபடியாக்கிய நொடி எங்கே இருக்கின்றது என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் விழிக்கின்றார். அப்படி ஒரு நொடி எங்கும் இல்லை. ‘ஒவ்வொரு நொடியிலும், நொடிக்கு 1 மீட்டர் என்னும் விரைவு கூடுகின்றது’ என்று தமிழில் விரித்துச் சொன்னால், நொடி என்னும் சொல் இருமுறை வருவதும் ஏன் வருகின்றது என்பதும் தாமே விளங்கும். முதல் நொடி முடுக்கத்துக்குரியது. இரண்டாம் நொடி விரைவுக்குரியது. குறியீட்டில் சுருக்கி எழுதும்போது இரண்டும் ஒட்டிக் கொள்கின்றன. அவ்வளவுதான்.

இவற்றுக்குரிய சொற்கள் தமிழில் புதிதாக இரவல் வாங்க வேண்டியவை அல்ல. கதழ்வு, துனைவு என்னும் உரிச்சொற்கள் இரண்டும் விரைவு என்னும் பொருளன எனத் தொல்காப்பிய உரியியல் காட்டுகின்றது. ‘கடி’ என்னும் சொல்லுக்குரிய பொருள்களுள்ளும் விரைவு ஒன்று. நொடி என்பதும் அவ்வாறே. எழுத்தொலியின் நீட்சியை அளப்பதற்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் கொண்ட இலக்கணம் அது. ஓசையை நேரத்தால் அளந்து எழுதி வைத்த மொழியில், ஓட்டத்தை நேரத்தால் அளக்கச் சொல்லில்லை என்பார் உரை எத்துணைப் பொய்!

முடுக்கம் என்னும் சொல்லோ வண்டிக்காரன் வாயிலும் உழவன் வாயிலும் இன்றும் வழங்குவது. மாட்டை முடுக்கினான் என்றால், நடந்துகொண்டிருந்த மாட்டை மேலும் விரையச் செய்தான் என்பது பொருள். யாப்பிலும் முடுகு உண்டு. தொல்காப்பியர் கூறிய இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணம் ஒன்று. ஆகவே ‘முடுக்கம்’ என்று கரும்பலகையில் எழுதிய அளவிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகின்றது. ‘ஆக்சிலரேசன்’ என்று எழுதினால் பாடம் அப்பொழுதுதான் தொடங்க வேண்டியிருக்கின்றது.

இங்கே தமிழ்ப் பற்றாளர்க்கும் ஒன்று சொல்லுதல் தகும். நல்ல சொல் கிடைத்த மகிழ்ச்சியில் பொருளைக் கோட்டை விடுதல் கூடாது. நாட்டு வழக்கில் முடுக்குதல் என்பது விரைவைக் கூட்டுவது மட்டுமே. இயற்பியலிலோ விரைவு குறைவதும் முடுக்கம். விரைவு மாறாமல் திசை மட்டும் மாறுவதும் முடுக்கம். ஈழத் தமிழர் கூடுவதை ‘ஆர்முடுகல்’ என்றும் குறைவதை ‘அமர்முடுகல்’ என்றும் பெயரிட்டுள்ளனர். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். காதுக்கும் கருத்துக்கும் இனிய சொற்கள். ஆங்குள்ள மாணவர் மேனிலைக் கல்வி முடியும்வரை இச் சொற்களாலேயே கணக்கிட்டுத் தேர்வெழுதுகின்றனர். அதனால் அவர்தம் இயற்பியல் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை. (அதே நூல்களில் விரைவுக்குக் ‘கதி’ என்னும் வடசொல் இருப்பது இரங்கத்தக்கது.) ஆனால் திசை மாறும் ஓட்டத்துக்கு அவ் இரு சொற்களும் நேராகப் பொருந்துவதில்லை. அதைப் பின்னர்க் கொல்லிமலை ஏறும்போது காண்க.

நாடோறும் நிகழும் மயக்கங்களுள் முதலாவது சராசரி விரைவு பற்றியது. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் மேனி அரை மணியிற் சென்று சேர வேண்டிய பேருந்து, சந்தை நெரிசலால் முதற் பாதியான 10 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் ஊர்ந்து கடக்கின்றது. எஞ்சிய பாதியை எவ்வளவு விரைவில் ஓட்டினால் பழைய கணக்கு நேராகும்? ‘அறுபது’ என்று பலரும் உடனே விடை கூறுவர். இருபதும் அறுபதும் சேர்ந்து எண்பது. அதிற் பாதி நாற்பது என்பது அவர் கணக்கு. உண்மை என்னவெனின், முதற் பாதியைக் கடப்பதற்கே அந்த அரை மணியும் செலவாகிவிட்டது. இனி வானவூர்தியாக மாறிப் பறந்தாலும் கணக்கு நேராகாது. இழந்த நேரத்தை விரைவால் மீட்கலாம் என்று நம்பிச் சந்தையைத் தாண்டியதும் வெறிகொண்டு ஓட்டும் ஓட்டுநர், நடவாத ஒன்றுக்காக ஐம்பது பேர் உயிரைப் பணயமாக வைக்கின்றார். விரைவை நேரத்தால் சராசரி காண வேண்டும், தொலைவால் அன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது.

இரண்டாவது மயக்கம் விரைவை உடல் உணர்கின்றது என்னும் எண்ணம். உடல் விரைவை உணர்வதில்லை. இந்த ஞாலம் தன்னைத்தானே சுற்றுகின்றது. அச் சுழற்சியால் சென்னையில் நிற்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் விரைவிற் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றார். அதனோடு ஞாயிற்றைச் சுற்றி வரும் ஓட்டத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இவ் அவையில் அமர்ந்திருப்போர் இந்த ஒரு வரியைக் கேட்டு முடிப்பதற்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிட்டனர். ஒருவர் தோளில் இருந்த துண்டும் நழுவவில்லை. ஓட்டம் சீராக இருக்கும்வரை உடலுக்கு அது ஓய்வே. செய்தித்தாள் விரித்தவரும் சீட்டுக் கிழித்த நடத்துநரும் இதை நூலின்றியே அறிந்தவர். ஞாலத்தின் சுழற்சியும் சுற்றோட்டமும் தரும் முடுக்கம் உண்டெனினும், அது மிகச் சிறிதாகலின் உணர்வுக்கு எட்டுவதில்லை.

உடல் உணர்வது மாற்றத்தையே. பேருந்து புறப்படும்போது கால்கள் வண்டியின் தளத்தோடு ஒட்டி முன்னே செல்கின்றன, மேலுடலோ நின்ற நிலையிலேயே நிற்க முயல்கின்றது, எனவே பின்சாய்வு. நிறுத்தும்போது கால்கள் நிற்கின்றன, மேலுடல் ஓடிய ஓட்டத்திலேயே ஓட முயல்கின்றது, எனவே முன்வீழ்வு. வளைவில் வண்டி திரும்புகின்றது. உடல் நேரே செல்ல முயல்கின்றது. எனவே பக்க ஒதுக்கம். மூன்றும் ஒன்றே. யாரும் யாரையும் தள்ளவில்லை. மாணவன் தோட்பையிலுள்ள அந்த ஒரு வரி இதுதான்.

இதைத் தெளிய அறிந்து கணக்கிட்டுக் காட்டியவர் இத்தாலிய நாட்டுக் கலீலியோ. அவர் வரலாற்றில் தமிழர் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் இரண்டு உள.

ஒன்று, அவரும் முதலிற் பிழை செய்தார். விழும் பொருளின் விரைவு வளர்கின்றது என்பது எல்லார்க்கும் தெரியும். ஆனால் எதற்கேற்ப வளர்கின்றது? விழுந்த தொலைவுக்கேற்ப என்று 1604-இல் பாவோலோ சார்ப்பி என்னும் அறிஞர்க்கு எழுதிய மடலில் கலீலியோ குறித்தார். அது தவறு என்பதைப் பின்னர்த் தாமே கண்டு, கழிந்த நேரத்துக்கேற்ப வளர்கின்றது என்று திருத்தினார். தொலைவா, நேரமா என்னும் அவ் ஒரு வினாவில்தான் இன்றைய இயக்கவியல் முழுதும் கருக்கொண்டது. அத்தகைய பேரறிஞரே தடுமாறிய இடத்தில், அயன்மொழியில் ஒரு வரியை ஒப்பிக்கும் பதினைந்து வயதுச் சிறுவன் தடுமாறுவதில் வியப்பென்ன?

அவர் செய்து பார்த்த முறையும் அறியத்தக்கது. நேரே விழும் பொருள் கண்ணுக்கு எட்டாத விரைவிற் சென்றுவிடுகின்றது; எனவே விழுதலைச் சாய்வில் இட்டு மெதுவாக்கினார். ஏறத்தாழ 12 முழ நீளப் பலகை. அதில் வழவழப்பாகச் செதுக்கிய ஒரு பள்ளம். அதிலே உருளும் வெண்கலக் குண்டு. நேரத்தை அளக்க அன்று நொடிகாட்டும் கடிகை இல்லை. பெரிய கலத்தினின்று மெல்லிய குழாய் வழியே நீர் ஒழுக விட்டு, குண்டு உருளும் நேரத்துள் ஒழுகிய நீரைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார். நீரின் நிறையே நேரத்தின் அளவு. குறுநீர்க்கன்னல் கொண்டு நாழிகை கணக்கிட்டவர் பாசறையில் இருந்ததை முல்லைப்பாட்டால் அறிந்த தமிழர்க்கு இம் முறை அயலானது அன்று. கருவி இங்கும் இருந்தது. ஆனால் உருளும் குண்டுக்கு எதிரே அதை வைத்துப் பார்க்கும் வினா இங்கு எழவில்லை. பெருமை பேசும் வாயால் இதையும் பேசுதல் வேண்டும்.

அவர் கண்டது இது: பலகையின் காற்பங்கை உருள்வதற்கு ஆன நேரம், முழுப் பலகையையும் உருள்வதற்கு ஆன நேரத்தில் சரிபாதி. நேரம் இருமடங்கானால் தொலைவு நான்மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு நேரக் கூற்றிலும் கடந்த தொலைவைத் தனித்தனியே பார்த்தால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்களாக அணிவகுத்து நிற்கின்றன.

இரண்டாவது செய்தி மொழி பற்றியது. அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்தம் எழுத்துமொழி இலத்தீனம். கலீலியோ அதில் வல்லவர். வல்லவராயிருந்தும் தம் தாய்மொழியாகிய இத்தாலிய மொழியைக் கையாண்டார். எல்லாரும் படிக்க வேண்டும் என்பதே கரணியம் என்று 1612-இல் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில் விளக்கவும் செய்தார். 1633-இல் திருச்சவை மன்றத்தின் ஒறுப்புக்கு ஆளாகி, வீட்டுச் சிறையில் இருந்த முதுமையில் எழுதிய ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூல் 1638-இல் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில் அச்சாயிற்று. முடுக்கம் பற்றிய தேற்றங்களை அந் நூலில் அவர் இலத்தீனத்திலேயே தந்துள்ளார் என்பது உண்மை. ஆனால் அத் தேற்றங்களை மூவர் கூடிப் பேசி, ஐயுற்று, மறுத்து, தெளிவு பெறும் உரையாடல் முழுவதும் இத்தாலிய மொழியில் நடைபெறுகின்றது. தேற்றம் எம்மொழியிலும் நிற்கும். தெளிவோ தாய்மொழியில் வந்தது. ஆங்கில வழிப் பள்ளிகளில் இன்று தேற்றம் மட்டும் இருக்கின்றது. அந்த மூவர் உரையாடல் இல்லை.

இனிப் பனைமரத்தடிக்கு வருக. 20 மீட்டர் உயரப் பனையிலிருந்து ஒரு பழம் கழன்று விழுகின்றது. நிலத்தின் ஈர்ப்பு அதன் விரைவை நொடிதோறும் நொடிக்கு 9.8 மீட்டர் கூட்டுகின்றது; எளிமை கருதிப் பத்து என்று கொள்க. முதல் நொடியில் அது கடப்பது 5 மீட்டர். இரண்டாம் நொடியில் 15 மீட்டர். ஆக இரண்டே நொடியில் நிலம். நிலத்தைத் தொடும்போது அதன் விரைவு நொடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர். இக் கணக்கைத் திருப்பிப் போட்டால் சாலைக்கு வந்துவிடலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் ஈருருளியிற் சென்று ஒரு சுவரில் மோதுவது, பனையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஈடானது. பனையேறி மரத்தில் எத்துணை விழிப்போடு கை வைக்கின்றான்! அதே உயரத்தில் ‘ஏறி’ அமர்ந்திருப்பதை அறியாத இளைஞன் ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு செல்கின்றான்.

பழம் பாறையில் விழுந்தால் சிதறுகின்றது. வைக்கோற் போரில் விழுந்தால் முழுதாகக் கிடக்கின்றது. இரண்டிடத்தும் விரைவு ஒன்றே. வேறுபடுவது நின்ற தொலைவு. போரில் 1 மீட்டர் அமிழ்ந்து நின்ற பழம் பட்ட முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 20 மடங்கு. பாறைமேல் 2 செண்டிமீட்டர் நசுங்கி நின்ற பழம் பட்டது 1,000 மடங்கு. கொல்வது விரைவு அன்று. அவ் விரைவு அழியும் குறுமை. தலைக்காப்பின் உள்ளே இருக்கும் நுரைப்பட்டையின் பணி முழுவதும் இதுதான். அது தலையைச் சுற்றிய இரும்புக்கோட்டை அன்று. தலைக்கென ஒதுக்கிய வைக்கோற் போர். இரண்டு விரற்கடை நசுங்கிக் கொடுத்து, தலை நிற்பதற்கு இடம் தருகின்றது. இடத்தைப் பத்து மடங்காக்கினால் முடுக்கம் பத்தில் ஒன்றாகும். காவலர் பிடிப்பார் என்று அதனைக் கையிற் கோத்துக்கொண்டு செல்வோர் முழங்கையை எதற்காகக் காக்கின்றனரோ, அறியோம்!

இவ் அவையோர் வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க கணக்கு ஒன்று உண்டு. ஒரே சாலையில் ஒரே வகைப் பேருந்துகள் இரண்டு. ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வருகின்றது, மற்றொன்று 80. இரண்டின் தடையும் விரைவை நொடிதோறும் நொடிக்கு 5 மீட்டர் குறைக்க வல்லது எனக் கொள்க. 45 மீட்டர் முன்னே ஒரு சிறுமி சாலையில் இறங்குகின்றாள். கண்டு, உணர்ந்து, கால் தடைமிதியை அடைய இரு ஓட்டுநர்க்கும் ஒரு நொடி ஆகின்றது. அந்த ஒரு நொடியில் முதற்பேருந்து 17 மீட்டர் ஓடிவிடுகின்றது. பின்னர்த் தடையால் 28 மீட்டர் ஓடி, ஏறத்தாழ 44 மீட்டரில், சிறுமியின் முன்னே ஒரு முழத் தொலைவில் நின்றுவிடுகின்றது.

இரண்டாவது பேருந்து அதே இடத்தை அடையும்போது எவ்வளவு விரைவில் இருக்கும்? வேறுபாடு இருபதுதானே, எனவே இருபதில் இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். கால் தடைமிதியைத் தொடுமுன்னரே அது 22 மீட்டரைத் தின்றுவிட்டது. எஞ்சிய 23 மீட்டரில் தடை பற்றிக் குறைத்தும், சிறுமி நிற்கும் இடத்தில் அதன் விரைவு மணிக்கு 59 கிலோமீட்டர்! முதற்பேருந்து முழுதும் நின்றுவிட்ட இடத்தில், இது அந்த முதற்பேருந்தின் தொடக்க விரைவோடு வருகின்றது. அது நிற்பதற்கு மொத்தம் 72 மீட்டர் வேண்டும். இருபது கிலோமீட்டர் கூடுதல் விரைவால் ஈட்டியது என்ன? 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டரை மணித்துளி.

நிற்கும் தொலைவு விரைவின் இருபடியாக வளர்வதே இதன் கரணியம். விரைவு இருமடங்கானால் தடைத்தொலைவு நான்மடங்கு. கலீலியோவின் பலகையில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஏறிச் சென்ற அதே எண்கள், தடை போடும்போது ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கி வருகின்றன. ஓட்டத்தின் முற்பகுதியிலேயே பெருந்தொலைவு கழிந்துவிடுகின்றது. விரைவோ அங்கே சிறிதே குறைகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துச் சாலைகளில் மாண்டோர் 1,68,000-க்கு மேற்பட்டோர். தமிழ்நாட்டில் மட்டும் 17,000-க்கு மேல். அவ் உயிரிழப்புகளுள் பத்தில் ஏழு மிகுவிரைவால் நேர்ந்தன என்று ஒன்றிய அரசின் கணக்கே கூறுகின்றது. ‘விரைவு கொல்லும்’ என்று சாலையோரப் பலகைகள் அறிவுறுத்துகின்றன. இருபடிக் கணக்கைச் சொல்லாத அறிவுரை காற்றிற் போகின்றது. ஓட்டுநர் உரிமம் பெற வருவோர்க்கு இந்த இரு பேருந்துக் கணக்கைத் தமிழில், தாளும் எழுதுகோலும் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் செய்தால் எத்துணை நன்று!

இனிக் கொல்லிமலை. அடிவாரத்தினின்று மேலேறும் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 70. ஒரு வளைவின் ஆரை 10 மீட்டர் என்க. பேருந்து மணிக்கு 18 கிலோமீட்டர், அஃதாவது நொடிக்கு 5 மீட்டர் விரைவில், சற்றும் கூடாமல் குறையாமல் வளைகின்றது. விரைவுகாட்டியின் முள் அசையவில்லை. ‘முடுக்கம் இல்லை’ என்று மாணவன் எழுதினால் தவறு. திசை நொடிதோறும் மாறுகின்றது; எனவே வளைவின் நடுவம் நோக்கிய முடுக்கம் உண்டு. விரைவின் இருபடியை ஆரையால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்: இருபத்தைந்தைப் பத்தால் வகுக்க, இரண்டரை. இம் முடுக்கத்தைத் தருவது சாலைக்கும் உருளைக்கும் உள்ள பிடிப்பு ஒன்றே. இப்பொழுது அதே வளைவில் விரைவை மணிக்கு 36 கிலோமீட்டராக்குக. நூற்றைப் பத்தால் வகுக்கப் பத்து. பனம்பழத்தை வீழ்த்திய ஈர்ப்பின் அளவு அது. அத்துணைப் பிடிப்பைச் சாலை தருவது அரிது. மழை நாளில் இல்லவே இல்லை. தந்தாலும், மேற்கூரையிற் சுமையேற்றிய உயரமான வண்டி கவிழும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது சமவெளியில் நகரப் பேருந்தின் ஓட்டம். அங்கே அதனைத் ‘தேர் ஊர்கின்றது’ என்று எள்ளுவர். மலைச்சாலை ஓட்டுநர்கள் எந்நூலும் கல்லாமலே இவ் வாய்பாட்டைத் தம் கைகளில் வைத்திருக்கின்றனர். வெளியூரிலிருந்து மகிழுந்தில் வரும் கற்றவர்களே வளைவில் தடுமாறுகின்றனர்.

விரைவோடு திசையையும் சேர்த்து எண்ணுவதற்கே ‘திசைவிரைவு’ என்னும் சொல் வேண்டியதாயிற்று. பாடநூலில் ‘திசைவேகம்’ என்று இருப்பது இதுவே. வேகமா விரைவா என்று வழக்கிடுவோர் வழக்கிடுக. ‘திசை’ என்னும் முன்னொட்டின் அருமையை மறவாதிருந்தால் போதும். ஆங்கிலத்தில் ‘சுபீடு’, ‘வெலாசிட்டி’ என்னும் இரண்டும் தொடர்பற்ற இரு ஒலிகள். எது திசையுடையது என்று உருப்போட்டே நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ்ச் சொல்லில் விளக்கம் வெளிப்படையாக நிற்கின்றது. திசைவிரைவின் மாற்றம் முடுக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் புறப்பாடு, நிறுத்தம், வளைவு மூன்றும் அதனுள் அடங்கும்.

இவற்றையெல்லாம் கற்பிக்கப் பெருங்கருவிக்கூடம் வேண்டுமென்று கைகட்டி நிற்கும் பள்ளிகள் உள. ஒரு மிதிவண்டி போதும். அடியிற் சிறு துளையிட்ட நெகிழிக் குடுவையில் நீர் நிரப்பி, பின்னிருக்கையிற் கட்டித் தொங்கவிடுக. துளிகள் ஒத்த நேர இடைவெளியில் விழும்படி துளையைத் திருத்திக் கொள்க. உலர்ந்த சாலையில் ஒரு மாணவன் மிதித்துச் செல்லட்டும். அவன் புறப்பட்ட இடத்தில் துளிகள் நெருங்கிக் கிடக்கும். போகப்போக இடைவெளி அகலும். சீரான ஓட்டத்தில் ஒரே அளவாக நிற்கும். தடை பிடித்த இடத்தில் மீண்டும் நெருங்கும். எஞ்சிய மாணவர் முழக்கோல் கொண்டு ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து எழுதுக. இடைவெளி ஒவ்வொன்றும் விரைவு. அடுத்தடுத்த இரு இடைவெளிகளின் வேறுபாடு முடுக்கம். வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குச் செய்தல் நலம். நண்பகலில் துளிகள் அளப்பதற்குள் உலர்ந்துவிடும்.